நாக்கில் உப்புத் தெரியாத வருடம்

போன மாதம் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு நீர்ப்பாசன இலாகாவிலிருந்து ஒரு கருவி வந்தது. பென்சில் பெட்டி அளவுதான் இருக்கும். வயரின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டால் உப்பு எவ்வளவு என்று ஒரு முள் ஆடிக் காட்டுகிறது. கொண்டுவந்த உத்தியோகத்தர் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தி, "ஐயா இருபத்தைஞ்சு வருஷமா நாக்காலை பார்த்ததை இனி இது பார்க்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கச் செயலாளர் அந்தச் சூட்டோடு ஒரு புதுக் கொப்பியை என் கையில் திணித்து, "அந்தக் காலத்திலை எப்பிடிப் பார்த்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ, ஆண்டு மலரிலை போடுவம்" என்றார்.

வயது போய்விட்டது, எழுத ஏலாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அன்று கைதட்டியவர்களில் இளம் ஆட்கள் மட்டும்தான் உண்மையாகத் தட்டினார்கள். பழைய ஆட்கள் தட்டுவதுபோல் தட்டிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பின் காரணத்தை எழுதவேண்டியவன் நான்தான். வேறு யாராவது எழுதினால் எனக்காகக் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவார்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், சரவணையில் பிறந்தவன். பெயர் தம்பிராசா. மாரியில் நெல், கோடையில் புகையிலை, இடையில் பனை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவுக்குப் பின்னால் மண்வெட்டியோடு போனேன். இருபத்திரண்டாம் வயதில் பாக்கியத்தைக் கட்டினேன். மூன்று பெண்களும் ஒரு மகனும். என் இளமையைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கமக்காரர் எல்லோருக்கும் ஒரே இளமைதான்.

எங்கள் வயல்வெளி கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. மேட்டில் இருப்பதை மேல்வயல் என்போம், கடலோரம் இருப்பதை அடிவயல் என்போம். அடிவயல் முடிகிற இடத்தில் ஒரு கழிமுகம். அதற்குக் குறுக்கே அணை. அணை இல்லாவிட்டால் கடல் வயலுக்குள் வந்துவிடும். ஆனால் அணையை எப்போதும் மூடி வைத்திருக்கவும் ஏலாது. கோடை முழுவதும் வெயில் குடித்த அடிவயல் மண்ணில் உப்புப் பூத்துக் கிடக்கும். முதல் மழை அந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகவேண்டும். இரண்டாம் வெள்ளமும் பெரும்பாலும் போகவேண்டும். அதற்குப் பிறகு வருகிற நல்ல தண்ணீரை மறித்து வைக்கவேண்டும். மறித்தால் வாய்க்கால் நிரம்பி மேல்வயல் வரைக்கும் ஏறும். நேரத்தோடு மூடினால் உப்பு உள்ளே நின்று அடிவயல் பயிரை எரிக்கும். பிந்தி மூடினால் மழை முழுவதும் கடலுக்குப் போய், மார்கழியில் மேல்வயல் வெடித்துக் கிடக்கும். எங்களுடைய வருடத்துச் சோறு இந்த ஒரு தீர்மானத்தில்தான் இருந்தது.

முன்பு அது மண் அணை. மேல்வயல்காரர் அடைப்பார்கள், அடிவயல்காரர் வெட்டுவார்கள். மண்வெட்டி மண்ணை மட்டும் வெட்டாத வருடங்களும் உண்டு. ஐம்பத்தாறாம் ஆண்டு இலாகா அதைச் சீமெந்து மதகாகக் கட்டித் தந்தது. நாலு வாசல், ஒவ்வொன்றுக்கும் ஆறு பலகை, குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், அதற்கு ஒரு ஆமைப்பூட்டு. பூட்டு ஒன்று என்றால் திறப்பும் ஒன்றுதான். அது யாரிடம் இருப்பது என்று பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் வைத்தோம். மேல்வயல் சொன்ன பெயரை அடிவயல் தள்ளியது. அடிவயல் சொன்ன பெயரை மேல்வயல் தள்ளியது. மத்தியானம் ஆகிவிட்டது. பசி வந்த பிறகுதான் சங்கத் தலைவர் கந்தையா அண்ணைக்கு மூளை வேலை செய்தது.

"தம்பிராசாவிட்டைக் குடுங்கோ" என்றார். "தகப்பன் வழிக் காணி மேலை கிடக்கு. பெண்சாதியின்ரை சீதனக் காணி அடியிலை கிடக்கு. எந்தப் பக்கம் பிழைச்சாலும் அவன்ரை சோத்துக் கோப்பையிலைதான் மண் விழும்."

இப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. என் கெட்டித்தனத்துக்காக அல்ல. இரண்டு பக்கமும் காணி இருந்தபடியால்.

மதகைக் கவனிக்க இலாகாவிலிருந்து ஒரு ஓவசியர் வருவார். யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள். வேலணைச் சந்தி வரை பஸ், அங்கிருந்து ஒரு கடையில் விட்டு வைத்த சைக்கிள். காக்கிக் களிசான், தொப்பி, சைக்கிள் கைபிடியில் கொழுவிய குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. மழையில் நனைந்துகொண்டே அளப்பார். யார் வீட்டுக்கும் போகமாட்டார். தேத்தண்ணி குடிக்கமாட்டார். கொண்டுவந்த இடியப்பப் பொதியை அணையில் இருந்து தனியே சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போவார். மேல்வயல்காரன் வந்து முறையிட்டால் கேட்பார். அடிவயல்காரன் வந்து முறையிட்டாலும் அதே முகத்தோடு கேட்பார். இருவரிடமும் ஒரே மறுமொழிதான்: "எழுதித் தாரும்."

அவர்தான் எனக்குத் தண்ணீர்க் கொப்பி எழுதப் பழக்கினார். தேதி, காற்று, உள்ளே எவ்வளவு உயரம், வெளியே எவ்வளவு உயரம், தண்ணீரின் ருசி. கடைசியில் ஒரு கட்டம், "பார்த்தவர்" என்று. முதல் தரம் அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டுவிட்டேன்.

"இது ஆர் பார்த்தது?"

"நான்தான் ஐயா. வேறை ஆர்?"

"அது எனக்குத் தெரியும் காணும். கொப்பிக்குத் தெரியாது."

ஒருநாள் துணிந்து, ஐயாவும் ஒருக்கால் ருசி பாருங்கோவன் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "என்ரை நாக்கு பட்டினத்துக் குழாய்த் தண்ணி குடிச்ச நாக்கு. ருசிக்கிறது உம்முடைய வேலை. எழுதினதை நம்புறது என்ரை வேலை." அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று விளங்கப் பதினெட்டு வருடம் எடுத்தது.

ருசி பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் வெறும் வாயோடு போகவேண்டும். வெற்றிலை, சுருட்டு, தேத்தண்ணி ஒன்றும் கூடாது. முதலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கவேண்டும். மதகடியில் மூன்று இடத்துத் தண்ணீர் எடுக்கவேண்டும், மேல், நடு, அடி. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். மேலே கையால் அள்ளிக் குடித்துவிட்டு நல்லது என்று போனவன் ஊரையே கெடுத்துவிடுவான். அதனால் ஒரு நீளத் தடியில் சோடாப் போத்தலைக் கட்டி, தக்கையால் அடைத்து, தக்கையில் ஒரு நூல் போட்டிருந்தேன். போத்தலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் நிரம்பும். ஒரு மிடறு வாயில் விட்டு, நாக்கின் கரையில் நிற்கவைத்து, பத்து எண்ணித் துப்பவேண்டும். எங்களிடம் மூன்று சொல்தான் இருந்தது. உப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட சவர், நல்லது. அடித்தண்ணீர் நல்லது என்று வந்த அன்று மதகை மூடலாம். தண்ணீர் போதாத வருடத்தில் மேலும் நடுவும் நல்லது என்றால், அடி சவராக இருந்தாலும் மூடலாம்.

என் நாக்கு அப்போது உண்மையிலேயே நல்ல நாக்கு. அதை வீட்டிலும் காட்டினேன். தேங்காய்ப்பால் சொதியில் ஒரு கல் உப்புக் கூடினாலும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பேன். குறைந்தாலும் தள்ளிவைப்பேன். கலியாணம் கட்டின புதிதில் பாக்கியம் அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டாள். "மதகிலை காட்டிற உத்தியோகத்தைக் குசினியிலை காட்டாதையுங்கோ" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், ஆனால் கோப்பை தள்ளின இடத்தில்தான் இருக்கும். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு வருடம். கூப்பன் அரிசி குறைந்து, பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். சொந்த வயலில் நெல் விளைந்தவன் மட்டும்தான் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டான். அந்த வருடம் ஆவணியில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மூன்று கிழமை பாயில் கிடந்தேன். தலைமயிர் கொட்டியது. எழும்பி நடந்தபோது உடம்பு திரும்பி வந்தது, மயிரும் மெல்ல வந்தது, நாக்கு வரவில்லை.

முதலில் காய்ச்சல் வாய் என்று நினைத்தேன். ஒருநாள் பனங்காணியில் தனியே இருந்து மடியிலிருந்த ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சின்னக் கூழாங்கல்லை வைத்ததுபோல் இருந்தது. ஐப்பசிக்கு ஒரு மாதம்கூட இல்லை. வயல் எல்லாம் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்துக் கிடந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் திறப்பு யாரிடம் போவது என்று மறுபடியும் மண்வெட்டிகள் கிளம்பும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். மற்றப் பாதி, ஊர் மெச்சுகிற ஒரு சாமான் என்னிடம் இருந்தது, அதை இழந்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

பாக்கியத்திடம் மட்டும் மறைக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டு முடிக்க, பிள்ளைகள் எழும்பிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நேற்றுச் சொதிக்கு நான் உப்பே போடேல்லை" என்றாள். "இண்டைக்குக் குழம்புக்கு ரெண்டு மடங்கு போட்டனான். பிள்ளையள் மூஞ்சையைச் சுழிச்சுதுகள். நீங்கள் கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டியள்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னப்பா, புருஷனைச் சோதிக்கிறியோ?" என்று கத்தினேன். கத்தி முடிய எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மழை வரப் போகுது. என்ன செய்யப் போறியள்?"

"தெரியேல்லை."

"தண்ணியை வீட்டை கொண்டு வாங்கோ. நான் பார்த்துச் சொல்லுறன். ஆருக்கும் சொல்ல வேண்டாம்."

அப்படித்தான் செய்தோம். காலையில் மதகடியில் மூன்று போத்தலில் தண்ணீர் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, மண்ணெண்ணெய் வாங்கி வருகிறவன்போல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். அவள் குசினியில் வாய் கொப்பளித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். முதல் நாளே என்னைவிட நிதானமாகப் பார்த்தாள். நான் பத்து எண்ணுகிற இடத்தில் அவள் இருபது எண்ணினாள். அவள் சொன்னதை நான் கொப்பியில் எழுதி, பார்த்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்தை வைத்தேன். முதல் வெள்ளம் வந்தது, உப்பு என்றாள், விட்டோம். இரண்டாம் வெள்ளம் வந்தது, சவர் என்றாள், விட்டோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அதற்குப் பிறகு மழை நின்றுவிட்டது. ஒரு கிழமை போயிற்று, பத்து நாள் போயிற்று. வானம் கழுவிவிட்டதுபோல் வெளித்துக் கிடந்தது. மேல்வயலில் பயிர் வாடத் தொடங்கியது. மதகால் தண்ணீர் ஓடி ஓடி மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கந்தையா அண்ணை மேல்வயல்காரர் ஐந்தாறு பேரோடு என் வீட்டுப் படலைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இருக்கிற தண்ணியும் கடலுக்குப் போகுது. இனி மழை வருமெண்டு ஆர் கண்டது? மூடு."

"நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன் அண்ணை."

"நாளைக்குப் பார்க்கத் தண்ணி இருக்காது."

மறுநாள் காலை போத்தல்களைக் கொண்டு வந்தேன். பாக்கியம் மூன்றையும் பார்த்தாள். "மேல் நல்லது. நடு சவர். அடி உப்பு. இன்னும் ஒரு வெள்ளம் போகோணும்."

"வடிவாப் பாரப்பா. நடு நல்லது போலை இல்லையோ?"

மறுபடியும் வாய் கொப்பளித்து, மறுபடியும் பார்த்தாள். "சவர்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அடிவயலில் இருப்பது அவளுடைய காணி. அவளுடைய தாய் கொடுத்தது. மூத்தவள் ராணிக்குக் கலியாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது, அந்தக் காணியைத்தான் அவளுக்கு எழுதுவதாக இருந்தோம். மூடினால் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். திறந்து வைத்திருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே அவள் வேண்டுமென்று பொய் சொல்லாவிட்டாலும், அவளுடைய நாக்கு அவளுடைய காணியின் பக்கம் சாய்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு நியாயமான நினைப்பு என்று அப்போது பட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு பானையில் சோறு தின்றவளைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது.

கொப்பியை எடுத்து, மேல் நல்லது, நடு நல்லது, அடி சவர் என்று எழுதினேன். நான் எழுதுவதை அவள் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். பார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை வைத்தேன். பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் சேர்ந்து பலகைகளை இறக்கி, இடுக்குகளில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து, மதகை மூடிவிட்டோம்.

அன்று பின்னேரம் பாக்கியத்துக்குச் செய்தி போய்விட்டது. "ஏன் மூடினனீங்கள்?" என்று கேட்டாள்.

"கந்தையா அண்ணை நெருக்கினார்" என்றேன்.

நாலாம் நாள் அடிவயல் பயிரின் நுனி மஞ்சளாயிற்று. ஆறாம் நாள் சிவந்தது. பிறகு வைக்கோல் நிறத்தில் சாய்ந்து படுத்தது. பதினொரு பேருடைய வயல். அதில் பாக்கியத்தின் வயலும் ஒன்று. அதற்குப் பக்கத்து வயல் சின்னத்தங்கம் அக்காவினுடையது. புருஷன் இல்லாதவ, அந்த ஒரு துண்டுதான் அவவுக்கு வருடத்து அரிசி. பயிர் செத்துக் கிடந்த மூன்றாம் நாள் மழை வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு மழை. அவள் சொன்ன அந்த ஒரு வெள்ளம். மதகைத் திறந்து விட்டோம், உப்பெல்லாம் போயிற்று, கழுவ வேண்டிய பயிர்தான் இல்லை. மேல்வயல் அந்த வருடம் கதிர் தள்ளி நின்றது. என் வயலும்தான். அதைப் பார்க்கப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஓவசியர் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் வாங்குகளில் இருந்தார்கள். பெண்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள், பாக்கியமும் நின்றாள். ஓவசியர் கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். மூடின நாளுக்கு வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அதே வரியை வாசித்தார்.

"மேல் நல்லது, நடு நல்லது எண்டு கிடக்கு. அப்பிடியெண்டால் பயிர் இந்தளவுக்கு எரியாது. ஒண்டில் நாக்குப் பிழை, அல்லது கொப்பி பிழை. எது?"

தாழ்வாரத்திலிருந்து சின்னத்தங்கம் அக்காவின் குரல் வந்தது. "தம்பியின்ரை நாக்குப் பிழைக்காது ஐயா. கடல்தான் அடியாலை பூந்து ஏமாத்திப் போட்டுது. எங்கடை விதி. அவரைக் கேக்காதையுங்கோ."

கந்தையா அண்ணையும், "ஓம் ஓம், ஆர் என்ன செய்யிறது" என்றார். எனக்காக எல்லோரும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள், போய்விடு என்று. யாராவது என்னை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசிவிட்டுப் போயிருப்பேன். எல்லாம் இழந்த மனுசி எனக்காகப் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழும்பினேன். "நாக்கும் பிழை, கொப்பியும் பிழை" என்றேன். காய்ச்சல், உப்புத் தெரியாத நாக்கு, சைக்கிளில் கட்டின போத்தல் எல்லாவற்றையும் சொன்னேன். திறப்பை எடுத்து ஓவசியரின் மேசையில் வைத்தேன்.

கந்தையா அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் பாக்கியத்தின்ரை சொல்லுக்கோ மதகு திறந்தது? அவவின்ரை காணி அடியிலை கிடக்கு. அவ எப்பவும் திற எண்டுதானே சொல்லுவா!"

"அப்பிடித்தான் நானும் நினைச்சனான் அண்ணை" என்றேன். "அண்டைக்கு அவ நடு சவர், அடி உப்பு, மூட வேண்டாம் எண்டுதான் சொன்னவ. தன்ரை காணிக்காகச் சொல்லுறா எண்டு நினைச்சு, நான்தான் நல்லது எண்டு மாத்தி எழுதினன். அதாலைதான் பயிர் எரிஞ்சது."

சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தைப் பார்த்தேன். பாக்கியம் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பயிர் எரிந்தது அவளுக்கு முன்பே தெரியும். ஏன் எரிந்தது என்பதை அப்போதுதான் கேட்கிறாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

கொட்டகைக்குள் சத்தம் கூடியது. ஓவசியர் அது அடங்கும்வரை பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பிறகு திறப்பை என் பக்கம் தள்ளினார். "இது உம்மட்டையே இருக்கட்டும். பிழையை வாயாலை சொன்ன ஆளை எனக்குத் தெரியும். சொல்லாத ஆக்களை நான் இனித்தான் தேடோணும். ஆனால் பார்த்தவர் எண்ட இடத்திலை இனிப் பார்த்தவரின்ரை பேரை எழுதும்." பழைய வரியை வெட்டப் போன என் கையைத் தடுத்தார். "எழுதினதை அழிக்கக் கூடாது. கீழை இன்னொரு வரி எழுதும்." எழுதினேன். அந்த இரண்டு வரியும் இன்றைக்கும் அந்தக் கொப்பியில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன.

அந்த வருடம் என் மேல்வயலில் சரிபாதியைச் சின்னத்தங்கம் அக்காவையே வந்து வெட்டச் சொன்னேன். மற்றப் பாதியை எரிந்த வயல்காரர் வீடுகளுக்கு எடுத்துப் போனேன். சிலர் வாங்கினார்கள், சிலர் படலையைத் திறக்கவில்லை. நாங்கள் மரவள்ளிக் கிழங்கும் பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டும் சாப்பிட்டோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பாக்கியம் முணுமுணுக்கவும் இல்லை. என்னோடு சண்டை பிடிக்கவும் இல்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அப்பாவிட்டைக் கேள், விறகு கொத்தியாச்சோ எண்டு" என்று பிள்ளைகள் மூலம்தான் கதைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டே அப்படிச் சொல்வாள். தைப்பொங்கல் கழிந்தது, சித்திரை வருடப்பிறப்புக் கழிந்தது. எனக்கு நரகம் எப்படி இருக்கும் என்று இனி ஒருவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்த புரட்டாசியில் நானே கேட்டேன். "இந்த முறையும் தண்ணி பார்ப்பியோ?"

நெடுநேரம் சுளகில் அரிசியைக் கொழித்துக்கொண்டிருந்தாள். "போத்தலிலை கொண்டு வர வேண்டாம்" என்றாள், என் முகத்தைப் பார்த்தே. "மதகடிக்கு நான் வாறன். எல்லாரும் பார்க்கட்டும்."

வந்தாள். முதல் வெள்ளமும் இரண்டாம் வெள்ளமும் அவள் சொல்லித்தான் போயின. மேல்வயல்காரர் அணையின் ஒரு பக்கம், அடிவயல்காரர் மற்றப் பக்கம் நின்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கந்தையா அண்ணை எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "இவ கார்த்திகை முடியுமட்டும் மூட விடமாட்டா, பாருங்கோ" என்றார்.

அந்த வருடம் பாக்கியத்தின் வயல் பிந்திவிட்டது. விதைத்ததைக் குருவி பொறுக்கியதால் அவள் இரண்டாம் முறை விதைக்க வேண்டி வந்தது. மற்றவர்களின் பயிர் முழங்காலுக்கு நிற்க, அவளுடைய பயிர் ஒரு சாண்தான் இருந்தது. மதகை மூடினால் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான் என்று முன்பே சொன்னேன். ஒரு சாண் பயிர் தண்ணீருக்குள் மூன்று நாள் தாங்காது. இன்னும் பத்து நாள் திறந்திருந்தால் தப்பிவிடும். ராணியின் மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் காணி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் வெள்ளம் வடிந்த காலை. பாக்கியம் குடையை ஊன்றிக்கொண்டு அணையில் ஏறினாள். கிணற்றுத் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள். மேல்தண்ணீர் பார்த்தாள், துப்பினாள். நடுத்தண்ணீர் பார்த்தாள், துப்பினாள். நான் தடியை இறக்கி நூலை இழுத்து அடித்தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மனதுக்குள் இருபது எண்ணினேன். துப்பிவிட்டு, இன்னொருக்கால் எடுக்கச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"நல்ல தண்ணி" என்றாள். "மூடுங்கோ."

கந்தையா அண்ணை வாயைத் திறந்தபடியே நின்றார். நான் அவள் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டேன்.

"எங்கடை வயல்?"

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கள் கேட்டது தண்ணியைப் பற்றி" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எல்லோருக்கும் முன்னால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்காமலே பலகைகளை இறக்கச் சொன்னேன்.